மதுரைக்கு இரண்டாம் முறை, இந்த முறை தோழியோடு: இரண்டரை நாளை எப்படிப் பிரிப்பது?

நொய்யல் கேட்டது:

மதுரைக்கு ஒருமுறை வந்திருக்கிறேங்க. ஒரே நாள், வேன் சுற்றுலா. காலை 11 மணிக்கு இறக்கிவிட்டார்கள். மீனாட்சியம்மன் கோயில் வரிசையில் பாதி தூரம் போவதற்குள் நடை சாத்தும் நேரம் வந்துவிட்டது. அப்புறம் திருமலை நாயக்கர் மகாலில் அரைமணி நேரம், ரோட்டோரம் ஒரு ஜிகர்தண்டா, கிளம்பு என்றார்கள். மனதில் நின்றது கால் சுட்ட கல்லும் ஹாரன் சத்தமும்தான். மதுரைக்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றிப் பேசும்போது முகத்தில் வருகிற வெளிச்சம் எனக்குப் புரியவே இல்லை. ஊரின் மேல் தப்பில்லை, பார்த்த விதம் சரியில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இந்த ஜனவரி கடைசி வாரம் கல்லூரித் தோழியோடு மறுபடி வருகிறேன். கோவையிலிருந்து பஸ். வியாழன் மதியம் சேர்ந்து, சனி இரவு கிளம்புவோம். அவள் கோழிக்கோட்டுக்காரி, கிறிஸ்தவப் பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டி வாசிப்பாள். மதுரை அவளுக்கு முதல்முறை. இரண்டு பேரும் சளைக்காமல் நடப்போம். அவள் அசைவம், நான் முட்டைகூடத் தொடமாட்டேன்.

எங்கே தங்கினால் நல்லது? கோயிலுக்கு எப்போது போவது, அவளை எதுவரை விடுவார்கள்? சாப்பாட்டில் இருவருக்கும் ஒத்துவருகிற வழி என்ன? ஊருக்கு வெளியே சத்தமில்லாத இடம் ஒன்று வேண்டும். பட்டியல் போட்டு எல்லாவற்றையும் தொட்டுவர ஆசையில்லைங்க. கொஞ்சமாகப் பார்த்தாலும் ஊர் பிடிபட வேண்டும்.

மேலமாசி பதில்:

மதுரையில் என்ன பார்ப்பது என்பதைவிட எத்தனை மணிக்குப் பார்ப்பது என்பதுதான் முக்கியம். உங்கள் முதல் பயணம் கெட்டதற்குக் காரணம் அந்த 11 மணிதான். கோயில் காலை 5 மணிக்குத் திறந்து பகல் 12.30-க்குச் சாத்துவார்கள். மாலை 4-க்குத் திறந்தால் இரவு 9.30, 10 வரை. வெளியூர் வண்டிகள் மொத்தமும் வந்து சேர்வது 10-இலிருந்து 12-க்குள். அந்த இரண்டு மணி நேரத்தைத் தவிர மற்ற எந்த நேரத்தில் போனாலும் அது வேறு கோயில்.

தேதி நல்ல தேதி. மகரவிளக்கு முடிந்து சபரிமலை கூட்டம் குறைந்திருக்கும், ஜல்லிக்கட்டுக் கூட்டமும் கலைந்திருக்கும். இரண்டு விஷயம் மட்டும் காலண்டரில் பாருங்கள். ஒன்று, குடியரசு தினத்தோடு சேர்ந்து நீண்ட விடுமுறை வருகிறதா என்று. இன்னொன்று தைப்பூசம். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சொக்கரும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போய்விடுவார்கள். அன்று பார்க்க வேண்டியது கோயிலை அல்ல, தெப்பத்தை.

வியாழன் மதியம் இறங்கியதும் கோயிலுக்கு ஓடாதீர்கள். நான்கு, நாலரைக்குத் தெருவில் நடங்கள். கோயிலை நடுவில் வைத்துச் சதுரம் சதுரமாக வீதிகள் சுற்றி வருகிற ஊர் இது. மதிலுக்குள்ளே ஆடி வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. இந்த ஐந்து பெயரும் நான்கு திசையும் மனதில் இருந்தால் மேப் தேவையே இல்லை. எந்தச் சந்தில் நுழைந்தாலும் அடுத்த சதுரத்தில்தான் வெளியே வருவீர்கள். வெளி வீதி என்பது கோட்டைச் சுவர் நின்ற இடம். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் சுவரை இடித்து அகழியைத் தூர்த்துத்தான் அந்தத் தெருக்களே வந்தன. அந்த வேலையில் இருந்த மாரெட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றும் தெருப் பெயராக இருக்கிறார்கள்.

வெளியிலிருந்து உள்ளே போங்கள். மாசி வீதி ஒரு சுற்று சாவகாசமாக ஒரு மணி நேரம். கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம். மிளகாய் மூட்டை, மல்லி, புளி வாசம் தெருவுக்கே வரும். வடக்கு மாசி வீதியில் ராமாயணச் சாவடி, கிருஷ்ணன் கோயில். உள்ளே தெற்கு ஆவணி மூல வீதி முழுக்க நகைக்கடை. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வாசம், ஒரு சத்தம். தோழிக்கு முதல்முறை என்பதால் நீங்கள் வழிகாட்டியாக மாறிவிடும் ஆபத்து உண்டு. திரும்பும் முனையை அவர் சொல்லட்டும், நீங்கள் பின்னால் போங்கள். கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசிக்க இதைவிட நல்ல ஊர் கிடையாது.

சித்திரை வீதிக்கு வரும்போது ஆறு மணி ஆகியிருக்கும். வண்டி வராத, கல் பாவிய வீதி. நான்கு பக்கமும் சுற்றினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். இங்கே ஒரு வேலை செய்யுங்கள். நான்கு வெளிக் கோபுரங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். தெற்குக் கோபுரம்தான் உயரம், 160 அடிக்கு மேல். தூரத்தில் நின்று அதன் விளிம்பை மட்டும் கண்ணால் கீழிருந்து மேலே தடவிப் பாருங்கள், நேர்கோடாகப் போகாமல் உள்வாங்கி வளைந்து ஏறும். கிழக்குக் கோபுரம் பாண்டியர் காலத்தது, 13-ஆம் நூற்றாண்டு, நாலிலும் மூத்தது. வடக்குக் கோபுரத்தில் சுதைச் சிற்பம் குறைவு. பல காலம் மேல்தளமின்றி நின்றதால் மொட்டைக் கோபுரம் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் நகரத்தார் முடித்துவைத்த பிறகும் பெயர் போகவில்லை. அடியில் மொட்டைக் கோபுர முனியாண்டி இருக்கிறார். (திருப்பணிக் காலமாக இருந்தால் கோபுரங்களைத் தட்டி கட்டி மூடியிருப்பார்கள். கிளம்பும் முன் புதிதாக எடுத்த படம் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கோயிலுக்குள் அன்று இரவே போகலாம், எட்டரை மணிக்கு. பகல் கூட்டம் வடிந்திருக்கும். ஒன்பது மணிக்கு மேல் பள்ளியறை பூஜை. சொக்கரின் திருவடிகளைச் சுவாமி சன்னிதியிலிருந்து வெள்ளிப் பல்லக்கில் வைத்து, நாதஸ்வரமும் சாம்பிராணிப் புகையுமாக அம்மன் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். நாள்தோறும் நடப்பது. திருவிழா ஆரவாரம் எதுவும் இருக்காது. சுவாமி அம்மனிடம் போகிறார், அவ்வளவுதான். தோழியைப் பொறுத்தவரை, இந்து அல்லாதவர்களைச் சன்னிதிகளுக்குள் விடுவதில்லை, அங்கங்கே பலகை இருக்கும். வெளிப் பிராகாரங்கள், பொற்றாமரைக்குளம், ஆயிரங்கால் மண்டபம் எல்லாம் பார்க்கலாம். பல்லக்கு வெளிப் பிராகாரத்தைக் கடந்து போவதால் அவரும் நின்று பார்க்கலாம். வெளிநாட்டுக்காரர்கள் அங்கேதான் காத்திருப்பார்கள். நீங்கள் தரிசனத்துக்குப் போகும் நேரம் அவர் குளத்துப் படியில் உட்காரட்டும். அது ஒன்றும் குறைந்த இடமில்லை.

இப்போது எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். செல்போன் உள்ளே விடமாட்டார்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு உயர்நீதிமன்றக் கிளை போட்ட தடை. வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கவேண்டும். செருப்பும் அப்படியே. உள்ளே திசை குழம்பி வேறு கோபுரம் வழியாக வெளியே வந்தால் போன் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், நீங்கள் வெறுங்காலோடு இன்னொரு பக்கம். இருவரும் பிரிந்துவிட்டால் கூப்பிடவும் வழியில்லை. ஆகவே நுழைந்த வாசலை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். டோக்கன் ஒருவரிடமே இருக்கட்டும். பிரிந்தால் சேருமிடம் முக்குறுணிப் பிள்ளையார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஆளுயரத்தைவிடப் பெரிய பிள்ளையார், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். பெரிய பை வேண்டாம், சில்லறை வேண்டும், கைகால் மூடிய உடை வேண்டும்.

வெள்ளிக்கிழமை, அதுவும் தை வெள்ளி, தரிசனத்துக்கு ஏற்றதல்ல, வரிசை நீண்டுவிடும். ஆனால் வெள்ளி மாலை குளத்தருகே ஊஞ்சல் மண்டபத்தில் ஊஞ்சல் உற்சவம் உண்டு. வரிசையில் நிற்காமல் அதை மட்டும் பார்த்துவரலாம். சனி காலை ஐந்தரைக்கு மறுபடி உள்ளே போங்கள். இரவில் பார்த்த அதே தூண்கள் காலை வெளிச்சத்தில் வேறு மாதிரி இருக்கும். வெள்ளியம்பலத்து நடராசர் வழக்கமான இடது காலுக்குப் பதில் வலது காலைத் தூக்கி ஆடுகிறவர். அதைப் பார்க்காமல் வராதீர்கள். ஒரே இடத்துக்கு இரண்டு தடவை போவதை நேர விரயம் என்று நினைக்க வேண்டாம். பத்து இடம் தொடுவதைவிட இந்த ஒன்றை இரண்டு நேரத்தில் பார்த்தால்தான் நீங்கள் கேட்ட அந்த "பிடிபடுவது" நடக்கும்.

பருத்திப்பால் பதில்:

சாப்பாட்டுக்கு நான் சொல்றேன். ஒருத்தர் சைவம், ஒருத்தர் அசைவம்னா மதுரையில கஷ்டமே இல்ல. ரெண்டு பேரும் ஒரே கடையில உக்காரணும்னு நினைச்சாத்தான் கஷ்டம். காலையில ரெண்டு பேரும் சேர்ந்து சைவம். ராத்திரி மொதல்ல நீங்க ஒரு கடையில இட்லி முடிச்சிட்டு, அப்பறம் அவங்க கடையில கூட உக்காருங்க. இந்த ஊருல ராத்திரி பதினோரு மணிக்கும் ஆவி பறக்க இட்லி கிடைக்கும். அவசரமே வேணாம்.

அவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னா கறி தோசை, சிம்மக்கல் பக்கம். தடியா ஒரு தோசை ஊத்தி, அதுமேல முட்டை, அதுமேல கொத்துன கறிச் சுக்கா மசாலா, அப்பறம் திருப்பிப் போட்டு எண்ணெய் விட்டு வேகவிடுவாங்க. ஒரு ஆளுக்கு ஒண்ணே வயிறு முட்டிரும். பரோட்டா, கறி தோசை, கோலா உருண்டைன்னு ஒரே ராத்திரில மூணும் சொல்லிட்டுப் பாதியில முழிக்கிற ஆளுங்கதான் அதிகம். ஒரு ராத்திரிக்கு ஒண்ணு. ரெண்டாவது ராத்திரி பன் பரோட்டா. சின்னதா, உப்பலா, பன்னு மாதிரி இருக்கும். ரெண்டு சொல்லுங்க, சால்னா தனியா கிண்ணத்துல கேளுங்க. மேல ஊத்திட்டா மொறுமொறுப்பு போயிரும்.

உங்களுக்குப் பருத்திப்பால். கண்டிப்பா குடிங்க. பருத்திக்கொட்டைய ஊறவச்சு ஆட்டிப் பாலெடுத்து, அரிசி மாவு கரைச்சு ஊத்தி, கருப்பட்டியோ வெல்லமோ போட்டு, சுக்கு, ஏலக்காய், தேங்காப்பூ. பேருதான் பால், மாட்டுப்பாலே கிடையாது. காலையிலயும் சாயங்காலமும் தள்ளுவண்டில வரும். சூடா, கூழுக்கும் கஞ்சிக்கும் நடுவுல ஒரு பதம். ஆறுனா கெட்டியாகிரும், அதனால வாங்குன இடத்துலயே நின்னு குடிச்சிருங்க. பச்ச வாசம் அடிச்சா மாவு வேகலன்னு அர்த்தம், அந்த வண்டிய விட்டுட்டு அடுத்த வண்டிக்குப் போங்க. ஜனவரிக் குளிருக்குச் சுக்கு காட்டமா இருந்தா தொண்டைக்கு அப்புடி இதமா இருக்கும்.

ஜிகர்தண்டா போன தடவ மதியானம் அவசரத்துல குடிச்சிருக்கீங்க. அது சாயங்காலச் சமாச்சாரம். விளக்குத்தூண் பக்கம் நின்னு குடிங்க. அடியில ஊறுன பாதாம் பிசினு, இல்லாட்டி கடல்பாசி. அதுமேல நன்னாரி சர்பத், அதுமேல சுண்டக் காச்சி ஆறவச்ச பாலு, உச்சில ஐஸ்கிரீம். வாங்குனதும் கரண்டிய விட்டுக் கலக்கிறாதீங்க. மொதல்ல மேல ஒரு வாய், அப்பறம் கரண்டிய அடி வரைக்கும் விட்டு ஒரு வாய், அதுக்கப்பறம் கலக்குங்க. நாலும் தனித்தனியா நாக்குல தெரியும். நல்ல கடையில பாலு லேசா பழுப்பு நிறத்துல இருக்கும், அது காச்சிக் காச்சி வந்த நிறம். வெள்ளை வெளேர்னு இருந்தா சுண்டல. பிசினு நறுக்குன்னு கடிபட்டா ஊறல் பத்தல. சாப்பாட்டுக்கு மேல குடிச்சா திகட்டும். ரெண்டு பேருக்குப் பெரிய கிளாஸ் ஒண்ணு வாங்கி ரெண்டு கரண்டி கேளுங்க.

இன்னொண்ணு, ஸ்டேஷன் பக்கம் டவுன்ஹால் ரோட்டுல காலையில சுடச்சுட அல்வாவ வாழ எலையில வச்சுக் குடுப்பாங்க. ஐம்பது கிராம் போதும். ஊருக்கு வாங்கிட்டுப் போற அல்வா வேற, அங்க நின்னு திங்கிற சூடு அல்வா வேற.

வட்டெழுத்து பதில்:

சத்தமில்லாத இடம் கேட்டிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை காலை கீழக்குயில்குடி சமணர் மலை. மதுரைக்கு மேற்கே, தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து உள்ளே போகவேண்டும், ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பெரியார் பஸ் நிலையத்திலிருந்து டவுன் பஸ் உண்டு. ஆனால் எண்ணிக்கை குறைவு, விடியற்காலைக்கு ஒத்துவராது. ஆட்டோ பேசிப் போகும்போது காத்திருப்பையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். திரும்பும்போது அங்கே வண்டி கிடைப்பது சிரமம்.

ஆறரைக்குள் அடிவாரத்தில் இருக்க வேண்டும். காரணம் இரண்டு. பாறை எட்டரைக்கு மேல் சூடேறிவிடும். இன்னொன்று, புடைப்புச் சிற்பத்தை உச்சி வெயிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, எல்லாம் தட்டையாகிவிடும். வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் மூக்கும் விரலும் நிழல் கட்டி எழுந்து நிற்கும்.

அடிவாரத்தில் தாமரைக்குளம், பெரிய ஆலமரங்கள், அய்யனார் கோயில். முதலில் செட்டிப்புடவு. மலையின் தென்மேற்குச் சரிவில் ஒரு குகைத்தளம். வெளியே பெரிய தீர்த்தங்கரர், அதாவது சமணர்கள் வணங்கும் அருகர், உட்கார்ந்த நிலையில் இருப்பார். ஊர்க்காரர்கள் செட்டியார் என்றே சொல்வார்கள், அதனால்தான் அந்தப் பெயர். உள்ளே தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். வரிசையாக ஐந்து சிற்பங்கள். அதில் ஒன்று, சிங்கத்தின் மேல் அமர்ந்து யானை மேலிருக்கும் வீரனோடு போரிடும் பெண் தெய்வம். மற்றவை அசையாமல் அமர்ந்திருக்க, இந்த ஒன்றில் மட்டும் அத்தனை வேகம்.

பிறகு திரும்பி வந்து பேச்சிப்பள்ளத்துக்குப் படியேறுங்கள். கைப்பிடி உண்டு, செங்குத்து இல்லை, சாதாரணமாக நடக்கிறவர்களுக்கு இருபது நிமிடம். சுனைக்கு மேலே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், பாகுபலி, படமெடுத்த பாம்பின் கீழ் பார்சுவநாதர். 9, 10-ஆம் நூற்றாண்டு வேலை. இவற்றின் அடியில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில், அந்தத் திருமேனியைச் செய்வித்தவர் யார் என்று வெட்டியிருக்கிறது. பலவற்றில் குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளியின் மாணாக்கர்கள் பெயர் வரும். ஒன்றைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார். மதுரையைச் சுற்றியுள்ள பல சமணக் குன்றுகளில் அச்சணந்தியின் பெயர் இருக்கிறது. இங்கே அவருடைய அம்மாவே வந்து ஒரு சிற்பம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு வரியின் முன்னால் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

எழுத்தைத் தொட்டுத் தடவ வேண்டாம். சாக்பீஸ், மாவு எதையும் பூசி வாசிக்க முயல வேண்டாம், அப்படித்தான் பல எழுத்துகள் தேய்ந்தன. தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், பிடிமானமுள்ள செருப்பு. மேலே கடை எதுவும் இல்லை. இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளமும் விளக்குத் தூணும் உண்டு. முடிந்தால் போங்கள், முடியாவிட்டால் பேச்சிப்பள்ளமே நிறைவு. பத்து மணிக்கு ஊர் திரும்பிவிடலாம்.

கீழடியையும் அதே நாளில் சேர்க்காதீர்கள். அது நேரெதிர்த் திசை, ராமேசுவரம் சாலையில் சிலைமான் பக்கம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், நிழலான இடம். சனி மதியத்துக்குப் பொருந்தும். வார விடுமுறை நாளை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கீறல் குறியீடுள்ள பானை ஓடுகளை வேகமாகக் கடந்துவிடாமல், ஒரே குறி எத்தனை ஓட்டில் திரும்ப வருகிறது என்று இருவரும் தேடிப் பாருங்கள். தோழி எழுத்துக்கூட்டுகிறவர் என்பதால் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் ஆதன் என்ற பெயரை அங்கே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

நொய்யல்:

ரொம்ப நன்றிங்க எல்லோருக்கும். நடராசரின் வலது கால் எனக்குத் தெரியவே தெரியாது. இன்னும் நான்கு சந்தேகம். தங்குமிடம் யாரும் சொல்லவில்லை. கோவை பஸ் மாட்டுத்தாவணிக்குப் போகுமா? வெள்ளி மதியம் என்ன செய்வது? கடைசியாக, சுங்குடிச் சேலை அம்மாவுக்கு ஒன்று வாங்க வேண்டும், அசல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விளக்குத்தூண் பதில்:

கோவை பஸ் ஆரப்பாளையத்தில் நிற்கும், மாட்டுத்தாவணி இல்லை. திரும்பும்போதும் ஆரப்பாளையம்தான். மாட்டுத்தாவணி சென்னை, திருச்சி, நெல்லை, ராமேசுவரம் பக்கத்துக்கு. இதைக் குழப்பிக்கொண்டு சனி இரவு ஊரின் எதிர் முனைக்குப் போய்விடாதீர்கள்.

தங்குவதற்கு மேலவெளி வீதிக்கும் மேலமாசி வீதிக்கும் நடுவில், ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் பாருங்கள். டவுன்ஹால் ரோடு வழியாகக் கோயிலுக்குப் பதினைந்து நிமிட நடை. பைபாஸ் பக்கம், மாட்டுத்தாவணி பக்கம் அறை புதிதாக, பெரிதாக இருக்கும். ஆனால் மேலமாசி சொன்ன காலை ஐந்தரையும் இரவு பத்தும் அங்கிருந்து நடக்காது. தெருவைப் பார்த்த அறை வேண்டாம், உள்பக்கம் கேளுங்கள். கட்டும் முன் அறையைப் பாருங்கள், ஜன்னல் திறக்கிறதா, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள். கோயிலைச் சுற்றி ராத்திரி நேரமாகியும் நடமாட்டம் இருக்கும். வெளி வீதியைத் தாண்டினால் மட்டும் ஆட்டோ எடுங்கள், ஏறும் முன் கட்டணம் பேசிவிடுங்கள்.

வெள்ளி மதியம் தூங்குங்கள். காலை ஐந்துக்கு எழுந்து மலை ஏறிவிட்டு வருகிறீர்கள், மதியம் ஊரே கொஞ்சம் ஓய்கிறது. மூன்றரைக்கு எழுந்து மகாலுக்கு நடங்கள். 1636-இல் திருமலை நாயக்கர் கட்டியது, இப்போது நிற்பது அன்றைய அரண்மனையில் ஒரு பகுதிதான். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் முற்றத்தின் நடுவுக்குப் போவார்கள். நீங்கள் ஓரத் தாழ்வாரத்தில் ஒரு தூணடியில் போய் நில்லுங்கள், இரண்டு பேர் கை கோத்தாலும் வளைக்க முடியாத பருமன் அப்போதுதான் உறைக்கும். அங்கிருந்து விளக்குத்தூணுக்கு வரும் வழியில் பத்துத்தூண் சந்து என்று கேளுங்கள். ஜவுளிக் கடைகளுக்கு நடுவில், ஆள் உரசிப் போகிற சந்தில், அரண்மனையின் பத்துக் கல்தூண்கள் கூரை எதுவுமின்றி வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மகாலைப் பார்த்த கையோடு இதைப் பார்த்தால்தான் அரண்மனை எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பது தெரியும். டிக்கெட் இல்லை, காவலாளி இல்லை, தூணைச் சுற்றி வியாபாரம் நடந்துகொண்டே இருக்கும். சந்து முடிந்தால் விளக்குத்தூண், ஜிகர்தண்டா.

சனி மாலைக்குத் தெப்பக்குளம் வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஆயிரம் அடிக்கு ஆயிரம் அடி. வைகைத் தண்ணீர் வந்து நிறைந்திருந்தால் நடுவில் இருக்கும் மைய மண்டபம் தண்ணீரில் அப்படியே தலைகீழாகத் தெரியும். ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து கரைச் சுவரில் உட்காரும் இடம்.

கீழடிக்கு மாற்றாகக் காந்தி அருங்காட்சியகம் போகலாம், ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் இருக்கிறது. மதிய இடைவேளை உண்டு. அதற்கு முன்னால் மேலமாசி வீதியில் 251-ஆம் எண் கட்டடத்தைப் பாருங்கள், இப்போது கதர்க் கடை. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காந்தி அரையாடைக்கு மாறியது அந்த வீட்டு மாடியில்தான். உங்கள் அறையிலிருந்து நடக்கும் தூரம்.

சுங்குடிக்கு வருவோம். கடையில் "கட்டுச் சுங்குடி" என்று கேளுங்கள். சும்மா சுங்குடி என்றால் பெரும்பாலும் மெழுகு அச்சு வைத்துச் சாயம் போட்டதைத்தான் எடுத்துப் போடுவார்கள். அதுவும் மோசமில்லை, தினசரி உடுத்த நல்லது, விலையும் குறைவு. ஆனால் வேறு சரக்கு. கட்டுச் சுங்குடியில் சௌராஷ்டிரப் பெண்கள் துணியை நகத்தால் கிள்ளி, நூலால் இறுகச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது, கிள்ளிய நுனியில் மட்டும் ஏறும். ஆகவே புள்ளி என்பது வெள்ளை வளையம், நடுவில் கடுகளவு சாயம். வளையம் வட்டமாக இருக்காது, ஒன்று கொஞ்சம் கோணும், அடுத்தது கொஞ்சம் பெரிதாகும். துணியை விரலால் தடவினால் புள்ளி இருக்கும் இடம் சுருங்கி மேடாகத் தட்டுப்படும். அச்சுச் சேலையில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, துணி சமமாக இருக்கும். புதுக் கட்டுச் சேலையை முடிச்சைப் பிரிக்காமலே விற்பதும் உண்டு. இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுத்தால் படபடவென்று முடிச்சு தெறிக்கும். அம்மா கையாலேயே இழுக்கட்டும். முதல் இரண்டு மூன்று சலவைக்குத் தனியாக, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரி அழுத்திப் போட்டால் அந்த மேடு படிந்துவிடும்.

கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புது மண்டபத்தில் இருந்த தையல், பாத்திர, புத்தகக் கடைகளைத் தேடிப் போகாதீர்கள், அவை குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. மண்டபத்தின் தூண்களைப் பார்க்கத்தான் இனிப் போக வேண்டும்.

நொய்யல்:

முடிச்சை அம்மாதான் இழுக்கப் போகிறார்கள். தோழி இங்கே எட்டிப் பார்த்துவிட்டு ஒன்று கேட்கச் சொல்கிறாள். மல்லி வாங்கிக் கோழிக்கோடு வரை கொண்டுபோனால் தாங்குமா?

பருத்திப்பால் பதில்:

தாங்கும், வாங்குற விதத்துல வாங்குனா. தை மாசம் பனியில வரத்து கொறையும், வெல ஏறியிருக்கும், முகூர்த்த நாளுன்னா இன்னும் ஏறும், அத மனசுல வச்சுக்கங்க. சாயங்காலம் விரிஞ்ச சரத்த வாங்காதீங்க. மதியானத்துக்குள்ள மொட்டா வாங்குங்க. காம்பு பச்சையா, மொட்டு உருண்டையா, முத்து மாதிரி கெட்டியா இருக்கணும். நெருக்கிக் கட்டுன சரமா கேளுங்க, மொழம் கணக்கு. பிளாஸ்டிக் பையில போட்டு மூடுனா வேர்த்து, விடியறதுக்குள்ள பழுப்பாயிரும். வாழ எலையில சுத்தி, அதுமேல நனைச்சுப் பிழிஞ்ச மெல்லிசுத் துணி ஒரு சுத்து, அவ்வளவுதான். தண்ணி தெளிக்க வேணாம். பஸ்ஸுல மடியில வச்சுக்கங்க, மேல இருக்குற லக்கேஜ் தட்டு சூடாகும். ராத்திரி எட்டு மணிக்கு மேல பையத் திறக்காமலே பக்கத்து சீட்டு வரைக்கும் வாசம் வரும், அப்ப மொட்டு விரியுதுன்னு அர்த்தம்.